எழும்பாத வண்டி

ஆடி அமாவாசைக்கு மறுநாள், விளக்கு வைக்கும் நேரத்தில், தண்ணீர் எடுக்கக் கருப்பையா வண்டியை விட்டு இறங்கினான். வண்டி எழும்பவில்லை.

அவன் மனைவி தைலம்மாள் வண்டிக்குள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கருப்பையா கனத்த ஆள். பின்படியில் அவன் கால் வைத்தால் வில்பட்டைகள் முனகி வண்டி அந்தப் பக்கம் தாழும். இறங்கினால் மூச்சு விட்டதுபோல் எழும்பும், ஆணியில் தொங்கும் கரண்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். இந்த வண்டியிலேயே சமைத்து, படுத்து, ஊர் ஊராகப் போய்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைக்கிற அவளுக்கு அந்த அசைவு தன் நாடியைப் போலப் பழக்கம். இன்று கரண்டிகள் அசையவில்லை. அவன் இறங்கிய அதே நொடியில், அதே கனத்தோடு வேறு யாரோ ஏறிக்கொண்டதுபோல இருந்தது.

உலை கொதித்தது. சோற்று மணத்தை மீறி ஒரு வாடை வந்தது. மழையில் நனைந்த கரிக்கட்டையின் வாடை.

ஜப்பான் சண்டை முடிந்ததும் பட்டாளம் ஏலம் விட்ட லாரி அது. அதன் முதுகில் பலகை அடித்து, தகரக் கூரை போட்டு வீடாக்கியிருந்தார்கள். மழைக்கு மூலைத் தூண் உளுத்துப்போனதால், ரங்கூன் ஆற்றங்கரையில் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பர்மாக்காரர் வீட்டிலிருந்து தேக்குத் தூண் ஒன்றை நேற்று வாங்கிப் பொருத்தினார்கள். சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் ஒன்று அதில் தொங்கியது. சாமிக்குக் கட்டிய தேங்காய்தானே என்று, காலையில் வண்டிக்குச் சூடம் காட்டிவிட்டு, முன்சக்கரத்தின் எதிரே அதை உடைத்தான் கருப்பையா. துறையில் மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்றுக்கொண்டிருந்த பர்மாக்காரி டோ மியா அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ரங்கூன் கடைத்தெருவில் கற்ற தமிழ் அவளுடையது.

"ஐயோ, கருப்பா! உடைக்கிற தேங்காயா அது? வீட்டைக் காக்கிற ஆவி, நாத்துன்னு சொல்லுவோமே, அவரோடது. நெருப்பிலே வெந்து செத்தவரு. அதுக்குள்ள இருக்கிற தண்ணிதான் அவருக்குக் குளிர்ச்சி."

"வீடுதான் இடிஞ்சு போயிருச்சே, டோ மியா," என்று தைலம்மாள் சிரித்தாள்.

"நாத் எங்கே போவாரு? தூண் எங்கேயோ அங்கேதான்."

இப்போது அது நினைவுக்கு வந்தது. தைலம்மாள் தூணைப் பார்க்காமல் அடுப்பை ஊதினாள்.

கருப்பையா குடத்தோடு ஏறினான். வண்டி கூடுதலாகத் தாழ்ந்தது. குடத்தை வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்தவன் துள்ளி விலகினான். சட்டை முதுகில் கரி அப்பியிருந்தது.

"கொதிக்குதுடி."

"அடுப்புச் சூடு."

"அடுப்பு அங்கிட்டு, தூணு இங்கிட்டு. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? இதை உருவிப் போட்டுருவோம், தைலம்."

"உருவினா கூரை நம்ம தலையில. அப்புறம் எங்க படுக்க?"

"கொஞ்ச நாளைக்குக் கொட்டடியில இருந்துக்கிருவோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூலிக் கொட்டடி. தலைமாட்டில் அடுத்தவன் கால். சேலை மாற்ற இருட்டும்வரை காத்திருந்த வருஷங்கள். அங்கிருந்துதான் இந்த வண்டிக்கு வந்தாள். இதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது.

"செத்தாலும் அங்க போக மாட்டேன். வேணும்னா அது இறங்கட்டும். பட்டாளத்துக்கு லாரி ஓட்டுனேன்னு பீத்துவீகளே, இதுக்கா நடுங்குறீக?"

"நடுங்கலைடி. குளிருது."

"இப்பத்தான் கொதிக்குதுன்னீக."

அவன் சிரிக்கவில்லை. குடையை எடுத்தான். "டோ மியாவைக் கூட்டியாறேன். பரிகாரம் எதுவும் இருக்கும். நீயும் வா."

"வீட்டைப் போட்டுட்டா?"

அவன் போனான். வண்டி எழும்பவில்லை.

கதவைச் சாத்தினாள். தகரத்தில் மழை விடாமல் கொட்டியது. அதற்கு அடியில், துறையில் கட்டிய படகுகள் மோதும் மந்தமான சத்தமும், அதற்கும் அடியில், ஈர விறகு எரிவதைப்போல ஏதோ மெல்லச் சீறும் ஓசையும் கேட்டன. அடுப்பில் விறகு அணைந்திருந்தது. சீறல் நிற்கவில்லை.

படுக்கைப் பலகை கிறீச்சிட்டது. நடுவில் குழிந்தது. பாயிலிருந்து ஆவி எழுந்தது.

தைலம்மாள் எழுந்து நின்றாள். குரலை நடுங்க விடவில்லை.

"பசிச்சா சொல்லு, சோறு போடுறேன். இடத்தைக் கேக்காதே. இது என் வீடு."

பலகை நிமிர்ந்தது. தரையில் ஒரு கரித்தடம் விழுந்தது. இன்னொன்று. அவளைத் தாண்டின. ஓட்டுகிற இடத்தைப் பிரிக்கும் முன்தடுப்போடு முடிந்தன.

வண்டியின் மூக்குப் பக்கம் இன்ஜினைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி சுழலும் சத்தம்.

"ஏங்க, நீங்களா?"

இன்ஜின் உறுமியது. வண்டி நகர்ந்தது.

பின்கதவைத் திறந்தாள். சேற்றில் கருப்பையா ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் டோ மியா. அவன் குடையை வீசி எறிந்தான்.

"குதி! தைலம், குதிடி!"

வண்டி மெதுவாகத்தான் போனது. குதிக்கலாம். கீழே சேறு. அதற்கப்பால் கொட்டடி.

கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

முன்தடுப்பின் சிறு ஜன்னலைத் தள்ளினாள். ஓட்டுகிற இடத்தில் ஒரு முதுகு. சட்டை இல்லை. தோல் இல்லை. கரி. வெடிப்புகளுக்குள் கங்கு. பக்கவாட்டில் அடித்த மழை தோளில் பட்டுப் பொசுங்கியது. அதன் தலைக்கு அப்பால் பாதை இல்லை. படகுத்துறையின் பலகைகள் அதிர்ந்தன. பிறகு ஆறு. கறுப்பாக, அகலமாக.

தைலம்மாள் ஜன்னல் வழியே கையை விட்டு அந்தத் தோளைப் பிடித்தாள். உள்ளங்கை பொரிந்தது. விடவில்லை.

"என் வீட்டை எங்கடா கொண்டு போற?"