போட்டோவில் இருந்த பல்

பேயென்றால் முருகேஷுக்குப் பயமே கிடையாது. அமாவாசையன்று தெருவிளக்கு எரியாவிட்டால் வாசலைத் தாண்டமாட்டார், அவ்வளவுதான். பல் டாக்டருக்கு அந்தத் தைரியம் போதும்.

மொரப்பூருக்கு அந்தாண்டை அர்ச்சுனன் வீட்டுக்குப் பட்டப்பகலில்தான் போனார். பழைய ஓட்டு வீடு. உள்ளே கால் வைத்ததும் இருட்டு, பூட்டிக் கிடந்த அறையின் வாசனை. அர்ச்சுனனின் மனைவி சசிகலாவுக்கு முட்டிவலி என்பதால், பல்செட்டை வீட்டிலேயே மாட்டிவிட வந்திருந்தார்.

செட்டைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம்தான். அர்ச்சுனன் கொடுத்த பழைய போட்டோவைப் பார்த்துச் செய்தது. முன்பல் நடுவே அதே சந்து. போர்த்தண்ணி குடித்துக் குடித்து ஏறிய அதே பழுப்புக் கோடு. வெள்ளைவெளேர் பல்லை இந்தப் பக்கத்தில் யார் நிஜமென்று நம்புவார்கள்?

மாட்டினார். கூடவே முளைத்த மாதிரி உட்கார்ந்தது.

கண்ணாடி பார்த்த சசிகலாவின் முகம் வெளுத்தது. "டாக்டரு, இது என் பல்லு இல்லீங்க. மூத்தவளுது."

முருகேஷ் அர்ச்சுனன் பக்கம் திரும்பினார்.

"குள்ளம்மாள் போட்டோங்க அது. மொதல்ல கட்டுனவ. செத்துட்டா." அர்ச்சுனன் தரையைப் பார்த்தார். "அந்தச் சிரிப்ப ஒருக்கா பாக்கணும்னு இருந்துச்சு."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் நகர்ந்தது.

வீட்டில் வேறு ஆளில்லை.

சசிகலாவின் கண்ணில் நீர் வழிந்தது. வாய் மட்டும் சிரித்தது.

"என்னை வூட்டுக்குக் கூட்டியாந்துட்டியா, மாமா?"

இளம்பெண்ணின் குரல்.

சசிகலா இரு கையாலும் செட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மூச்சு அடைத்தது.

முருகேஷ் ஓடத்தான் நினைத்தார். கால் எழவில்லை, வேறு வழியில்லாமல் கை வேலை செய்தது. விரலை உள்ளே விட்டார்.

பல் கடித்தது.

"ஆத்தா, விட்டுடு," என்று கிசுகிசுத்தார். "இந்தம்மா பாவம்."

கடி மெல்லத் தளர்ந்தது. செட்டு கழன்று கையில் விழுந்தது. அம்மிக் குழவியால் அதைப் பொடியாக்கிவிட்டுத்தான் ரத்தத்தைத் துடைத்தார்.

அடுத்த வாரம் புதுச் செட்டு. கோடில்லை, சந்தில்லை, பற்பசை விளம்பரம் போலப் பளீரென்று. இவ்வளவு அசிங்கமான வேலையை அவர் இத்தனை சந்தோஷமாகச் செய்ததே இல்லை.

"நல்லா இருக்குதுங்க டாக்டரு," என்றாள் சசிகலா, சொந்தக் குரலில். முருகேஷுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மெழுகுத் தகட்டை நீட்டினார். கடித்துக் கொடுத்தாள்.

சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

நிமிர்ந்தார். சசிகலாவின் வாயில் பல்லெல்லாம் நெருக்கமாக, வெள்ளையாக.

மறுபடி குனிந்தார்.

மெழுகில், முன்பல் இரண்டுக்கும் நடுவே, ஒரு சந்து.