ஆணியில் தொங்கிய இருப்புச்சட்டி

மலாயா ரப்பர் தோட்டத்தில் நாளெல்லாம் பால் வாளி சுமந்த தோள் இற்று விழுவதுபோல் வலித்தது பஞ்சாலைக்கு. சாயங்காலம் ஊரடங்குச் சங்கு ஊதியதும் கதவைச் சாத்திவிட்டு, எண்ணெய்த் துணியோடு சுவரோரம் போனாள். ஆணியில் தொங்கிய இருப்புச்சட்டியைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சட்டி சுட்டது.

அவள் அம்மா கப்பலில் சுமந்து வந்த சட்டி அது. பிறகு வெள்ளைக்கார சர்க்கார் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வீட்டில் அரிசி வைக்கவும் தடை. பொதுக் கொட்டகையில் வெந்த சோறுதான் ஆளுக்கு அளந்து வரும். வேலையற்றுப் போன சட்டியைத் துரு ஏறாமல் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் அழகுக்கு மாட்டியிருந்தாள். அடுப்பு மூட்டி மாதக்கணக்காகிறது.

"சோறு கொதிக்கிற வாசம் வருதே. அரிசி பதுக்கிட்டியாடி?" பாயில் படுத்தபடி கேட்டான் புருஷன் சன்னாசி.

"ஆமா, கொண்டைக்குள்ள வெச்சிருக்கேன். சும்மா படுங்க லா. காவக்காரன் காதுல விழுந்தா ரெண்டு பேரையும் இந்தியாவுக்குக் கப்பலேத்திருவாங்க."

சிரித்தான். அவளுக்கும் அந்த வாசம் வந்துகொண்டுதான் இருந்தது. கஞ்சி பொங்கி இரும்பில் வழிந்து தீய்கிற வாசம், அதற்கடியில் புதிதாய் வெட்டிய ஈரமண்ணின் நெடி.

போன வாரம்தான் அவள் தம்பி முருகையாவைப் புதைத்தார்கள். காட்டுக்குப் போனவன், பட்டினியில் வேலிக்கு வெளியே செத்துக் கிடந்தான். வாய்க்கரிசி போட ஒரு பிடி அரிசி கேட்டாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி முடியாது என்றுவிட்டார். தன் பங்குச் சோற்றிலிருந்து ஒரு கவளத்தை அவன் வாயில் வைத்தாள். "வெந்தத வைக்காத பஞ்சாலை, பசி கிளம்பிரும்," என்றாள் பக்கத்து வீட்டு மயிலம்மாள். பஞ்சாலை கேட்கவில்லை.

தண்ணீர் மொள்ளப் பின்பக்கம் போனாள். உள்ளே இரும்பைச் சுரண்டும் சத்தம். நின்றது. மறுபடியும்.

திரும்பி வந்தாள். ஆணியில் சட்டி இல்லை.

சன்னாசி தரையில் குந்தியிருந்தான். மடியில் சட்டி. உள்ளே ஒன்றுமில்லை. சுடுகிற இரும்பை வழித்து வழித்து வாயில் போட்டான். விரல் நுனியில் தோல் பொரிந்து உரிந்தது. மென்றான்.

"அக்கா," என்றான். முருகையாவின் குரல். "இன்னும் கொஞ்சம் லா."

வாசலில் பூட்ஸ் சத்தம் நின்றது. காவல்காரன் கதவைத் தட்டினான். வாசம் பிடித்துவிட்டான்.

"அக்கா."

வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. சட்டியை வழித்து முடித்தவன் தன் விரலை மெல்லத் தொடங்கினான்.

தம்பிக்கு அவள் தர வேண்டியது ஒரு பிடி வாய்க்கரிசி. இன்னும் தரவில்லை.