கடைசி ஜோடி பூட்ஸ்

மார்ச் பதினாறாம் தேதி மாலை, ஆள் நடமாட்டமில்லாத ஒரு தீவிலிருந்து அரை மைல் தள்ளி நங்கூரம் போட்டிருந்த சுற்றுலாக் கப்பலின் பக்க வாசலில், பயணிகள் எல்லோரும் உள்ளே போன பிறகும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் நின்றுகொண்டிருந்தது.

பூட்ஸ் கழுவுகிறவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ பின்தங்கிவிட்டார் என்று நினைத்தான். ஒரு தீவின் விதையும் சேறும் இன்னொரு தீவுக்குப் போகக் கூடாது என்பது விதி. அதனால் கரைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொருவர் பூட்ஸையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீர் அடித்து, மருந்துத் தொட்டியில் முக்கி அனுப்ப வேண்டும். முக்காலியில் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலை. காற்றுக்கு மறைப்பாகக் கட்டிய தார்ப்பாய் எதிரே நிற்பவரின் முழங்கால் வரை தொங்கும். முகங்களை அவன் பார்த்ததே இல்லை. கால்களைத்தான் தெரியும். குதிகாலை அழுத்தி மிதிப்பவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கூச்சத்தில் நெளிபவள் பல் டாக்டரின் மனைவி.

இந்தக் கால் யாருடையது என்று தெரியவில்லை.

"காலைத் தூக்குங்க" என்றான்.

வலது பூட்ஸ் மெதுவாக உயர்ந்தது. அடியில் கறுப்புச் சேறு. அன்று எல்லோர் காலிலும் வெள்ளை மணல்தான் வந்திருந்தது. பல வருடம் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த வாடை இந்தச் சேற்றிலிருந்து எழுந்து மருந்து நெடியையும் மீறி மூக்கில் ஏறியது. ஆட்டம் காணாமல் இருக்க, வழக்கம்போல இடது கையால் கணுக்காலைப் பிடித்தான்.

அவன் விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. ரப்பர் இரண்டு பக்கமும் உள்வாங்கி ஒட்டிக்கொண்டது. உள்ளே காலே இல்லை. கொஞ்சம் தண்ணீர் மட்டும் சளக்கென்றது.

பூட்ஸ் அந்தரத்தில் அப்படியே நின்றது. அவன் முடிப்பதற்காகக் காத்திருந்தது. முடித்தான். இடது பூட்ஸ் உயர்ந்தது. அதையும் கழுவினான். பிறகு இரண்டும் இரும்பு நடைபாதையில் சளக், சளக்கென்று உள்ளே போயின.

சாப்பாட்டு அறையில் அத்தானிடம் சொன்னான். அத்தான் ரப்பர் படகு ஓட்டுகிறவர், அக்காவின் கணவர், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இந்தப் பயணத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. அவர் கப்பலேறிய பிறகு பிறந்த மகளை இதுவரை போன் திரையில்தான் பார்த்திருக்கிறார்.

"கால் இல்லாத பூட்ஸா? நல்லதுதானே மாப்ள, நகம் வெட்டுற வேலை மிச்சம்."

"விளையாடாதீங்க அத்தான். கையால பிடிச்சுப் பார்த்தேன்."

"ஒரு நாளைக்கு நூறு கால் பிடிக்கிற, தலை சுத்தத்தான் செய்யும். உங்கக்கா கால்ல விழுந்து எந்திரிச்ச நானே தெளிவா இருக்கேன், உனக்கென்னடா?"

பக்கத்தில் இருந்த சமையல்காரர் சிரித்தார். அவனும் சிரித்து வைத்தான்.

அடுத்த தீவிலும் கூட்டம் கரைந்த பிறகு அவை வந்தன. இம்முறை கனத்தன. பிடித்த இடத்தில் ரப்பர் மடங்கவில்லை. உள்ளே ஈர மணல் போன்ற ஒன்று கெண்டைக்கால் உயரத்துக்கு நிறைந்திருந்தது. விரல் அழுத்திய இடத்தில் அது மெல்ல விலகி, மெல்லத் திரும்பி வந்து அவன் விரலைத் தள்ளியது. வாக்கி-டாக்கியை எடுத்தான்.

"அத்தான், கடைசி படகுல யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"யாரும் இல்லையே மாப்ள. நானும் கரையில புடுங்கின பாதைக் கொடியும்தான். ஏன், உன் பூட்ஸ்காரன் டிக்கெட் எடுக்கலையா?"

அதன் பிறகு அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. படுக்கைக்குப் பக்கத்துத் தடுப்புக்கு அப்பால் குழாய்கள் முனகின. நடைபாதையில் ஈரம் மிதிபடும் சத்தம் வரும், அறை வாசலில் நிற்கும், பிறகு அத்தானின் அறைப் பக்கம் நகரும். கதவைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. தரையில் கறுப்பாக ஒரு கசிவு மட்டும்.

கடைசித் தீவில் மதியமே மூடுபனி இறங்கியது. பயணிகளை அவசரமாகத் திருப்பி அழைத்தார்கள். பாதை காட்ட நட்ட கொடிகளைப் பிடுங்கி வர, அத்தான் தனியாகப் படகில் இறங்கினார்.

"இன்னைக்கு வேற யாராவது போகட்டும் அத்தான். படகுக்கு ஆள் போடுற மேஸ்திரிகிட்ட நான் கேக்குறேன்."

"நாலு கொடி புடுங்க ஆள் மாத்தணுமா? ஊர் சிரிக்கும்டா. இதோட முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை என் பொண்ணைத் தூக்கிருவேன்." படகு பனிக்குள் போனது. இன்ஜின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

அவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அலை கப்பலின் வயிற்றில் தட்டியது. தார்ப்பாய் உப்பியது, ஒடுங்கியது. வாக்கி-டாக்கியில் கூப்பிட்டான். இரைச்சல். மறுபடியும் கூப்பிட்டான். இரைச்சலுக்குள் யாரோ மூச்சு வாங்குவது போல இருந்தது.

இன்ஜின் சத்தம். கயிறு விழும் சத்தம். ஏணியில் காலடி.

தார்ப்பாய்க்குக் கீழே மஞ்சள் பட்டை போட்ட பூட்ஸ் வந்து நின்றது. படகோட்டிகளுக்குத் தரும் பூட்ஸ். அத்தானுடையது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"காலைத் தூக்குங்க அத்தான்."

உயர்ந்தது. அடியில் கறுப்புச் சேறு.

பிடித்தான்.

விரல்கள் தொட்டுக்கொண்டன.

"என்ன மாப்ள, கூச்சமா?" தார்ப்பாய்க்கு மேலிருந்து அத்தானின் குரல் கேட்டது. அதே கிண்டல், அதே கரகரப்பு.

தார்ப்பாயின் ஓரத்தில் கை வைத்தான். தூக்க முடியவில்லை. பிரஷை எடுத்தான். கழுவினான். இடது காலையும் கழுவினான்.

நங்கூரச் சங்கிலி ஏறத் தொடங்கியபோது மேல்தளத்துக்கு ஓடினான். பனி ஒரு கணம் விலகியது. கரையில், அலை விளிம்பில், ஒரு மனிதன் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் வீசினான். படகோட்டிகள் கப்பலை நிறுத்தச் சொல்லும் சைகை அது.

"மேஸ்திரி! கப்பலை நிறுத்தச் சொல்லுங்க! அத்தான் கரையில இருக்கார்!"

மேஸ்திரி அவன் தோளுக்கு மேலே பார்த்தார். "உனக்கு என்ன கிறுக்கா? உங்கத்தான் உன் பின்னாலதான நிக்கிறான்."

அவன் திரும்பவில்லை. பின்கழுத்தில் அந்தக் கிணற்று வாடை. பனி மூடிக்கொண்டது. கப்பல் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை துறைமுகத்துக்கு அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"அக்கா, குடுக்காத."

"சும்மா இருடா. அப்பாகிட்டதானே குடுக்குறேன். பழகட்டும்."

இரண்டு சட்டைக் கைகள் நீண்டன. அக்கா குழந்தையை அவற்றின் மேல் வைத்தாள். பாரம் ஏறியதும் துணி முழங்கையிலும் மணிக்கட்டிலும் உள்வாங்கி, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது.

குழந்தை விழவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது.

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் இருக்கும் பக்கம் முன்னால் நடந்தாள்.