இருபத்து நாலு மேட்ச்... ஒரு மண்டை!

"ஐயோ...!"

உடை மாற்றும் அறையிலிருந்து கிளம்பிய அலறல் வாலிபால் அரங்கையே உலுக்கியது.

கூட்டிப் பெருக்கப் போன பெண்மணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தாள்.

உள்ளே... நடுவர் மல்லாந்து கிடந்தார்! நெற்றி பிளந்து ரத்தம். வாயில் விசில். மூச்சு விடும்போதெல்லாம், 'பீ... பீ...!'

உயிர் இருப்பதே அதை வைத்துத்தான் தெரிந்தது.

பத்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்த எரிச்சல் முகத்தில். கூடவே ஒட்டிக்கொண்டு அவள் அண்ணன்... கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார்.

"இன்னிக்கு யார் தோத்தது?"

"நான்தான் மேடம்." தபால் அணிக் கேப்டன் முன்னால் வந்தான்.

"நடுவரைப் பாத்து, 'வெளிய வா, மண்டையைப் பொளக்கிறேன்'னு கத்தினியாமே?"

"வாய் தவறி வந்துடுச்சு மேடம்..."

"கையும் தவறிடுச்சா?"

விலங்கு வெளியே வந்தது.

"இரும்மா!" அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த வெற்றிப் பட்டியலிலிருந்து திரும்பினார். "இந்த ஒரு வருஷத்துல ரெண்டு டீமும் மோதினது இருபத்து நாலு மேட்ச். தபால் பன்னெண்டு. தீயணைப்பு பன்னெண்டு."

"சமமான டீமுங்க. அதுக்கென்னண்ணே?"

"சமமான டீம்னா காசு சுண்டுற மாதிரி. நடுவுல ஒரே டீம் மூணு, நாலுன்னு வரிசையா ஜெயிக்கும். இங்க முதல் மேட்ச்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் மாத்தி மாத்தி! கணக்குப் போட்டுட்டேன். இது தானா நடக்க எண்பத்து மூணு லட்சத்துல ஒரு சான்ஸ்!"

இன்ஸ்பெக்டர் கேப்டன் பக்கம் திரும்பினாள்.

"மேட்ச் ஃபிக்ஸிங்..! நடுவர் வேலை. அது தெரிஞ்சுதான் நீ அடிச்சிருக்கே. கையை நீட்டு!"

"என் பொண்டாட்டிக்கு ஒன்பதாம் மாசம் மேடம்!" கேப்டன் உடைந்து அழுதான்.

'பீ...!'

நடுவர் கண் திறந்தார்! விசிலைத் துப்பினார்.

"அவனை விடுங்கம்மா... யாரும் அடிக்கல. அலமாரிக் கதவு திறந்திருந்துச்சு. நானே போய் முட்டிக்கிட்டேன்."

"அவ்வளவு பெரிய இரும்புக் கதவு கண்ணுக்குத் தெரியலையா?"

"வலது கண்ல புரை. ஒரு வருஷமா அந்தப் பக்கம் வெறும் புகைதான். சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு..."

"அப்போ... வலது பக்கம் விழுற பந்து?"

"எல்லாத்தையும் கோட்டுக்கு வெளிய, அவுட்டுன்னுடுவேன்."

அண்ணன் துள்ளினார். "அவுட்னா பாயின்ட் வலது பக்கம் நிக்கிற டீமுக்கு! இங்க எப்போ பக்கம் மாத்துவீங்க?"

"நடுவுல கிடையாது சார்," என்றான் கேப்டன். "மேட்சுக்கு மேட்ச்தான்."

"அதான்... மாத்தி மாத்தி!"

கேப்டன் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு வருஷம் உயிரைக் கொடுத்து விளையாடியவன்.

"அப்போ கோப்பை யாருக்கு மேடம்?"

இன்ஸ்பெக்டர் விலங்கை இடுப்பில் செருகினாள்.

"கண்புரைக்குத்தான்... ஒரு மேட்ச்கூட தோக்கலையே!"