பிணம் உட்கார்ந்த நாற்காலி

பிணத்துக்கு மூக்கு அரித்தது.

பிணத்தின் பெயர் ஐனார். இன்று காலைதான் கோபன்ஹேகனில் இறந்திருந்தார். போன மாதம் ஓடன்ஸில் இறந்தார். அதற்கு முன் ஆர்ஹூஸில்.

ஊருக்கு ஒரு வாடகை வீடு... ஊருக்கு ஒரு சாவு!

'இறந்தவர் வீட்டு நாற்காலிகள்' என்று விளம்பரம் வந்தால் போதும், ஊரே சைக்கிளில் ஏறிவிடும். 1950களில் பெரிய டிசைனர் செய்தது... விதவைக்கு மதிப்புத் தெரியாது... அமுக்கிவிடலாம்!

அமுக்கியதெல்லாம் ஐனார் தன் பட்டறையில் செய்த போலி. பிணத்தின் முன்னால் யாரும் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுச் சோதிப்பதில்லை. அதற்குத்தான் பிணம்!

ஆவி வெளியேற ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள் மனைவி பொதில். பனிக்காற்று அடித்தது. ஐனார் ஒரு தும்மலை விழுங்கினார்.

வாங்க வந்தவர் பெயர் ஹென்னிங்.

"எப்பம்மா போனாரு?"

"விடிகாலைல... காபி குடிச்சிட்டே போயிட்டாரு!" பொதில் மூக்கை உறிஞ்சினாள். "அந்த அஞ்சு நாற்காலியையும் எடுத்துக்குங்க. எனக்கு என்ன தெரியும் இதோட அருமை!"

ஹென்னிங் அந்த ஐந்தையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவரு உட்கார்ந்திருக்காரே... அதுதான் வேணும்."

பிணத்துக்கு வியர்த்தது!

அது ஒன்றுதான் அசல். ஐனாரின் உயிர். போலிகள் எல்லாம் அதை அளந்து பெற்ற பிள்ளைகள்.

பொதில் விடமாட்டாள்... விடவே மாட்டாள்...

"அதுவா? தாராளமா!" என்றாள் பொதில். "கல்யாணம் ஆன நாள்லேருந்து மனுஷன் அதை விட்டு எழுந்ததில்ல. ஒரு தட்டு கழுவினதில்ல. சனியன் ஒழியட்டும்!"

"அப்ப இவரை...?"

"தரையில சாய்ச்சிடுங்க. இனிமே எங்க வலிக்கப் போகுது?"

ஹென்னிங்கின் கைகள் ஐனாரின் அக்குளுக்குள் நுழைந்தன. தூக்கின...

"தொடாதய்யா!"

பிணம் அலறியது!

"இது ஒண்ணுதான்யா அசல்! அந்த அஞ்சும் நான் செஞ்ச போலி! அதையெல்லாம் சும்மாவே தூக்கிட்டுப் போ... இதை விட்டுடு!"

பொதில் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹென்னிங் மயங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"போலீஸ். மோசடிப் பிரிவு. நீங்க வித்ததைப் போலின்னு அடிச்சுச் சொல்ல எந்த நிபுணராலயும் முடியல. அவ்வளவு சுத்தமான வேலை! செஞ்சவர் வாயாலயே வரணும்னு காத்திருந்தேன். நன்றி சார்."

ஐனார் வாய் பிளந்தார். "இதுதான் அசல்னு... எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

"நாற்காலியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? உங்க கையைப் பார்த்தேன். செத்தப்புறமும் கைப்பிடியை இந்தப் பிடி பிடிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். கிளம்புங்க, ரெண்டு பேரும்!"

ஐனார் கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்தார்.

காலியான நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள் பொதில். சாய்ந்தாள். கண்ணை மூடினாள். முதல் தடவை!

"அடப் பாவி மனுஷா..." என்றாள். "இவ்வளவு சுகம்னு தெரிஞ்சிருந்தா, நானே செத்திருப்பேனே!"