வழக்கப்பட்டியல்

தூத்துக்குடியில் சண்டைக்காரக் குடும்பங்களுக்கு வசவு அனுப்புவது மலிவு. சனிக்கோளின் நிலவான டைட்டனில் இருக்கும் மருமகனை மாமியார் சோம்பேறி என்று திட்டினால், அது சின்னஞ்சிறு துடிப்பாகப் புறப்பட்டு, நூற்று நாற்பது கோடி கிலோமீட்டரைக் கடந்து, எண்பது நிமிடத்தில் அவன் காதில் விழும். அதே மாமியார் தவறிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால் செய்தி அனுப்பும் நிலையத்து மின்கலம் பாதி காலியாகிவிடும். அந்தச் சொல்லை அவள் அதற்குமுன் சொன்னதே இல்லை, அதனால்தான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் யாரும் வியப்பதில்லை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழக்கப்பட்டியல் உண்டு. அடிக்கடி சொல்வதற்குச் சின்னத் துடிப்பு, அரிதாகச் சொல்வதற்குப் பெரிய துடிப்பு. இப்படி வடிவம் கொடுத்து அனுப்பினால்தான் இருக்கிற மின்சாரத்தில் சனிக்கோள் வரை பேச முடியும். இந்த வேலையைச் செய்வது வடிவாக்கி. வழியில் சூரியப் புயல் சிதைத்ததைச் செப்பனிடுவது திருத்தி. முன்பெல்லாம் இரண்டும் தனித்தனி அறையில் தனித்தனியாக ஓடின. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நிலையப் பொறியாளர் திருமேனி இரண்டையும் ஒன்றாக்கினார். அன்றிலிருந்து திருத்தியும் அதே பட்டியலைப் பார்த்து, இந்த வீட்டில் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று ஊகித்துச் சிதைந்த இடத்தை நிரப்புகிறது. மின்சாரம் பாதியாகக் குறைந்தது. திருமேனிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ரோஸ்லின் ஒரு கடிதத்தை நீட்டிக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் கணவர் அமல்தாஸ் டைட்டனில் மீத்தேன் குழாய்களுக்குக் காவல். போய் ஏழு வருஷம். குடியேற்றக் கப்பல் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிளம்பும். அதில் ரோஸ்லின் ஏற வேண்டுமென்றால், அமல்தாஸ் தன் மூச்சுக்காற்றில் பங்கு கொடுக்கச் சம்மதித்து, 'வரட்டும்' என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். அது மறுநாள் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் தூத்துக்குடிக்கு வந்து சேர வேண்டும். வந்ததோ இந்தக் கடிதம்: 'உன் விருப்பம். எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. சாப்பிட்டியா? உடம்பப் பார்த்துக்க.'

"வரட்டுமான்னு கேட்டேன்யா. அதுக்கு இதுவா பதிலு? அவுக வான்னுதான் சொல்லியிருப்பாக. அந்த வார்த்தை எங்க பட்டியல்ல இருந்திருக்காது. ஒங்க மிஷினு புழுதின்னு நெனச்சுத் தொடச்சுட்டு வழக்கமானத எழுதிட்டுது," என்றாள் ரோஸ்லின்.

இருக்கலாம் என்று திருமேனிக்குப் பட்டது. துடிப்பை உருவாக்குவதும் துடிப்பைத் திருத்துவதும் ஒரே பட்டியல்தான். அந்தப் பட்டியல் தப்பாக ஊகித்தால் அதைக் கண்டுபிடிக்க வேறு ஆள் கிடையாது. இரண்டு அறையை ஒன்றாக்கியபோது இது அவருக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வருஷமாக இந்த ஊரில் எத்தனை வீடுகள் தன் இயந்திரத்தின் ஊகத்தோடு குடித்தனம் நடத்துகின்றனவோ என்று நினைத்ததும் அவருக்குத் தலை சுற்றியது. அமல்தாஸின் கடிதத்தை வெறுங்கடத்தலில் மறுபடி அனுப்பும்படி டைட்டன் நிலையத்தைக் கேட்டார். வெறுங்கடத்தலில் பட்டியல் கிடையாது, ஊகம் கிடையாது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே பெரிய துடிப்பு. அதற்காக அங்கே குடியிருப்பில் பத்து நிமிடம் விளக்கணைத்தார்கள்.

மதியம் கடிதம் வந்தது. எழுத்துக்கு எழுத்து அதே கடிதம். திருத்தியின் ஏட்டையும் புரட்டிப் பார்த்தார். அமல்தாஸின் சொற்களில் திருத்தம் பூஜ்ஜியம்.

ரோஸ்லின் விடவில்லை. அப்படியானால் தன்னுடைய கடிதத்தைத்தான் இயந்திரம் கெடுத்திருக்கிறது என்றாள். திருமேனி, வடிவாக்கிக்குள் போவதற்கு முன்பே பதிவான அவளுடைய குரலைத் தேடி எடுத்து ஓடவிட்டார். 'ஏங்க, கப்பல் கெளம்புதாம். நீங்க என்ன சொல்லுதீகளோ அப்படியே. நான் நல்லாருக்கேன்.' அவ்வளவுதான்.

அவள் அதை மூன்று தரம் கேட்டாள். வரட்டுமா என்ற கேள்வி அதில் இல்லை. பதினைந்து நாளாக மீன் அரியும்போதும் பேருந்திலும் சொல்லிச் சொல்லிப் பார்த்த கேள்வி. கேட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எங்கே வைத்துக் கேட்டாள் என்பதுதான் குழப்பமாக இருந்தது. மனசிலிருந்து வாய்க்கு வருகிற வழியில் எந்த இயந்திரமும் பொருத்தப்படவில்லை என்பதைத் திருமேனி எடுத்துச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மேலிடத்தில் கேட்காமலே, அவர் ரோஸ்லினுக்காக வெறுங்கடத்தலைத் திறந்துவிட்டார். அவள் ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு மடமடவென்று பேசினாள்.

"நல்லாருக்கேன்னு சொன்னதெல்லாம் பொய். தனியா இருக்க முடியல. ஒங்க கூட இருக்கணும். வரட்டும்னு ஒத்த வார்த்த சொல்லுங்க, நான் வந்துருதேன்."

நிலையத்து மின்மானி ஊசிகள் எல்லாம் எகிறி நின்றன. ஒரு எழுத்துகூடச் சிதையாமல் போய்ச் சேருமென்று திருமேனி கணக்குப் போட்டார். பதில் நண்பகலுக்குள்ளேயே வந்துவிடும். இருவரும் டீ வாங்கிக் குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ரோஸ்லின் அங்கே எவ்வளவு குளிரும் என்றுகூடக் கேட்டாள்.

பதினொன்று நாற்பதுக்குப் பதில் வந்தது. அது கடிதம் இல்லை, டைட்டன் நிலையத்தின் புகார்ப் படிவம். திருமேனி வாய்விட்டுப் படித்தார்.

'புகார் தருபவர்: அமல்தாஸ். இன்று என் மனைவி பெயரில் வந்த கடிதத்தில் கடுமையான பிழை உள்ளது. அவள் இப்படிப் பேசுகிறவள் அல்ல. இது உண்மையாக இருந்தால் எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. அதனால்தான் சந்தேகப்படுகிறேன். ஆசைப்பட்டு அவளைச் சங்கடத்தில் மாட்டிவிட விரும்பவில்லை. பிழை இல்லையென்று நிலையம் உறுதி செய்தால் அந்த நிமிடமே வரட்டும் என்று அனுப்பக் காத்திருக்கிறேன்.'

உறுதி செய்து அனுப்பினால் அது போய்ச் சேர எண்பது நிமிடம், அமல்தாஸின் பதில் வர இன்னொரு எண்பது நிமிடம். நண்பகலுக்கு இருந்தது இருபது நிமிடம். ரோஸ்லின் படிவத்தை வாங்கித் தானும் ஒரு தரம் படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்ன பதில் போடட்டும் என்று திருமேனி கேட்டார்.

"பிழைதான்னு போட்டுருங்கய்யா. நெசமா நாந்தான் கேட்டேன்னு தெரிஞ்சா அவுக வருத்தப்படுவாக," என்றாள்.