திருப்பிப் போட்ட தலையணை

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு விடுதியின் கீழ் அறைச் சாவியைக் கேட்டேன். எனக்கு வார விடுமுறை. பதினொன்றுக்கு மனநல ஆலோசகரோடு வீடியோ காலில் பேச வேண்டும்.

மீனம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுக்கவே இல்லை. மண்ணூரில் இந்த விடுதியைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர்.

"அந்த ரூமு இன்னாத்துக்கும்மா? மாடிலயே பேசிக்கோயேன்."

"மாடில நைட் ஷிப்ட்காரங்க தூங்குதாங்கக்கா. தனியா கதவடைச்சுகிட்டு இருக்கணும்னு சொல்லிருக்காங்க."

"நாப்பது நாளா பூட்டிக் கீது. பெருக்கக்கூட ஆளு போவல. பயமா இல்லியா உனக்கு?"

"நான் பிசிக்ஸ் படிச்சவ."

"படிச்சு இன்னா ஆச்சு? நீயும் மெஷின்தான அமுக்கினு கீற." சாவி என் கையில் வந்து விழுந்தது.

சுள்ளென்று வந்தது எனக்கு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஓரகடத்தில் பன்னிரண்டு மணி நேரம் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் எரிச்சல்.

ஆலோசகர் சத்யப்பிரியா முந்தின நாளே குறிப்பு அனுப்பியிருந்தார். அமைதியான தனி அறை. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். ஹெட்செட், தண்ணீர். பேச நினைப்பதை மூன்று வரியில் எழுதி வைக்க வேண்டும்.

தனி அறையாம். இங்கே ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் ஷிப்ட்காரி எழுந்து போனதும் இரவு ஷிப்ட்காரி வந்து படுப்பாள். கட்டில் ஆறுவதே கிடையாது.

என் கட்டிலின் மறுபாதி கோவில்பட்டிப் பாண்டிச்செல்வி. எங்களுக்குக் கட்டிலும் ஒன்று, மெஷினும் ஒன்று. எழுந்து போகிறவள் தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போக வேண்டும், வருகிறவளுக்குக் குளிர்ந்த பக்கம் கிடைக்க. அது அவள் கொண்டுவந்த வழக்கம். மெஷினுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது என்ன கோளாறு என்று போகிறவள் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எல்லாம் கேட்டுக்கொண்டு பாண்டிச்செல்வி கடைசியாக ஒன்று கேட்பாள்.

"வேற எதும் உண்டாட்டி?"

நாற்பது நாளுக்கு முன், அந்த மெஷினில் அவள் செத்துப்போனாள். 'கவனக்குறைவு' என்று ஒற்றை வார்த்தையில் எழுதி முடித்தார்கள். கீழ் அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் மாடிக்கு மாறினோம். மெஷினுக்குப் பூமாரி என்று புதுப்பெண் வந்தாள். எனக்குத் தூக்கம் போனது.

கதவைத் திறந்தேன். பூட்டிக் கிடந்த அறையில் தூசி நாற்றம்தான் வர வேண்டும். தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. கூடவே மெஷின் ஆயில்.

ஜன்னலைத் திறந்து வைத்தேன். பக்கத்துக் கட்டிடம் மறைப்பதால் இந்த அறைக்குள் வெயில் வந்ததே இல்லை. அங்கே கிடந்த ஒரு டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு எங்கள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

சூடாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு. இரும்புக் கட்டில் சூட்டை இழுக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எந்தச் சூட்டை?

தலையணையில் தலை அழுந்திய பள்ளம் இருந்தது. திருப்பிப் போடாத தலையணை.

நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். 'தூக்கம் வரவில்லை. நெஞ்சு படபடப்பு. தோழி இறந்த வருத்தம்.' மூன்று வரி ஆகிவிட்டது. நாலாவது வரியை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை.

ஹெட்செட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, என் குரலைப் பதிவுசெய்து கேட்டேன். "நான் தங்கமாரி. பேசுறது கேக்குதா மேடம்?"

கேட்டது. என் குரலுக்குப் பின்னால், அசந்து தூங்குகிறவளின் மூச்சும் கேட்டது.

மின்விசிறியை நான் போடவே இல்லை.

பதினொன்றுக்குத் திரையில் சத்யப்பிரியா வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான முகம்.

"தனியாதான இருக்கீங்க, தங்கமாரி?"

"ஆமா மேடம்."

மூன்று வரியையும் ஒப்பித்தேன். அவர் குறித்துக்கொண்டார். இங்கே பேசுவது கம்பெனிக்குப் போகாது என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, உதட்டை மூடியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஹெட்செட்டில் கேட்டது.

"வேற எதும் உண்டாட்டி?"

அவர் உதடு அசையவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் கட்டில் கம்பி கிறீச்சிட்டது. ஒருக்களித்துப் படுத்திருந்தவள் புரண்டு திரும்புகிற சத்தம். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"டேப் ஒட்டினது நான்தான்" என்றேன்.

"என்ன டேப்?"

"கை உள்ள போனா மெஷின நிறுத்துற சென்சார். அன்னிக்கு சும்மா சும்மா நின்னுக்கிட்டே இருந்துச்சு. புரொடக்‌ஷன் குறையுது, ஒட்டுன்னாரு சூப்பர்வைசர் ரகு. சென்சார் கண்ண மூடி கறுப்பு டேப்ப ஒட்டினேன், அப்புறம் மெஷின் நிக்கவே இல்ல. ஆறு மணிக்கு பஸ் ஹாரன் அடிச்சிட்டான். அவ கேட்டா, வேற எதும் உண்டான்னு. ஒண்ணும் இல்லன்னுட்டு ஓடிட்டேன். விசாரணையில சென்சார் நல்லாருந்துச்சுன்னு கையெழுத்தும் போட்டேன்."

அவர் திரைக்கு அருகே குனிந்தார்.

"அந்த டேப் இப்ப எங்க இருக்கு, தங்கமாரி?"

"அங்கதான். விசாரணை முடிஞ்சதும் திரும்ப ஒட்டச் சொன்னாரு."

"சாயங்காலம் அந்த மெஷினுக்கு யார் போறாங்க?"

போனை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

பூமாரி போர்வைக்குள் கிடந்தாள். விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளை, வந்து ஒரு வாரம்தான். தினமும் அவளிடம்தான் மெஷினை ஒப்படைக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. உலுக்கி எழுப்பினேன்.

"ஏ பூமாரி, மெஷின்ல கைய வச்சிராத. சென்சார்ல டேப் இருக்கு."

"தெரியும்க்கா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "உரிச்சிட்டுத்தான் ஓட்டுறேன். காலைல நீங்க வாறதுக்குள்ள திருப்பி ஒட்டிருவேன். சூப்பர்வைசர் வைவாருல்ல?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அந்த அக்காதான். மொத நாளே சொல்லிட்டாங்களே."

"எந்த அக்கா?"

பூமாரி இப்போது கண்ணைத் திறந்தாள்.

"தெனமும் உங்க பின்னாடிதான நிக்காங்க? வேற எதும் உண்டான்னு கேக்காங்க. நீங்க பாட்டுக்குத் திரும்பிக்கூடப் பாக்காம பஸ்ஸுக்கு ஓடுறீங்க." கொட்டாவி விட்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் சண்டையாக்கா?"

கீழே வந்தேன். பூட்ட வேண்டும், சாவியைக் கொடுக்க வேண்டும், போனை எடுக்க வேண்டும். அது மட்டும்தான். திரையில் யாரும் இல்லை, அழைப்பு அறுந்திருந்தது. தேங்காயெண்ணெய் வாசனையும் போயிருந்தது.

விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்து விடப்பட்டிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். கட்டில் இன்னும் ஆறவில்லை.

தலையணையைத் திருப்பிப் போட்டிருந்தாள்.